ஹார்லன் பிக்ஸிடம் காரணம் கிடைக்கும்

கோலா பாட்டிலின் வாய் வழியே ஒரு பிடி உப்புக்கடலையைச் சரித்து, நுரை அடங்கியதும் கடலையும் கோலாவுமாக ஒரு வாய் இழுத்து மென்ற பிறகுதான் ஹார்லன் பிக்ஸ் வழக்குக் கட்டைப் பிரிப்பார். அமெரிக்கத் தெற்கில் இருக்கும் எங்கள் மாநில அரசுக்கு அவர் வக்கீல்.

உடற்குறையைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்து விரட்டினால் நஷ்டஈடு உண்டு என்று வாஷிங்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. தெருமுனைச் செருப்புக்கடைக்காரர் கொடுத்தாக வேண்டும். மாநில அரசு கொடுக்க வேண்டாம். மாநிலத்தையும் கொடுக்க வைக்க வேண்டுமானால், மாநிலங்களே காலங்காலமாகச் சமத்துவத்தை மிதித்து வந்தன என்று நாடாளுமன்றம் முதலில் நிரூபிக்க வேண்டுமாம். தண்டனையும் குற்றத்தின் அளவுக்கே இருக்க வேண்டுமாம். உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹார்லன் அதைத் தன் பாணியில் சொல்வார்: "கொசு கடிச்சதுக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

நாடாளுமன்றம் பெட்டி பெட்டியாகத் திரட்டிய புகார்களை அவர் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிப் போடுவார். "இது கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம் பண்ணினது, மாநிலம் இல்ல. இது ஓட்டல்காரன். இது துவேஷம் இல்லப்பா, வெறும் முட்டாள்தனம். முட்டாளா இருக்க அரசாங்கத்துக்கு உரிமை இல்லையா?"

மிஞ்சியவற்றுக்குக் காரணம் தயாரிப்பார். வேலையை விட்டு நீக்கிய அதிகாரி மனத்தில் அந்தக் காரணம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. இருந்திருக்கலாம் என்றாலே சட்டத்துக்குப் போதும். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"பால் வாங்கலையா?" என்பார் மனைவி வெர்னா.

"வாங்காததுக்கு நியாயமான காரணம் ஒண்ணு இருந்திருக்கலாம், கண்ணு."

"அப்ப காபியில அந்தக் காரணத்தையே ஊத்திக் குடிங்க."

போன வாரம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரே நின்றவர் ஒடெசா மிம்ஸ். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் மேற்பார்வையாளர். பக்கவாதத்துக்குப் பின் வலக்கை நடுங்குகிறது என்று மாநில அரசு அவரை நீக்கி, அந்தப் பதவியையும் கலைத்துவிட்டது. திரும்பிப் போக நாற்காலியே இல்லை. நஷ்டஈடு ஒன்றுதான் மிச்சம்.

"இவங்களை நீக்கினது மாநில அரசுதானே, பிக்ஸ்?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா. ஆனா நாடாளுமன்றம் புகாரெல்லாம் சேர்த்தப்போ இவங்களுக்கு இது நடக்கவே இல்ல. கொஞ்சம் லேட்டா வந்துட்டாங்க."

வழக்கு தள்ளுபடி.

தாழ்வாரத்தில் ஒடெசா அவரை மறித்தார். "ஹார்லன் ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்தக் கை நடுங்கினதால என் வேலையில என்ன கெட்டுப்போச்சு? ஒரு உரிமம் தப்பாப் போச்சா?"

"அதை நான் கேக்கலைங்கம்மா."

"யாருமே கேக்கலையா?"

"சட்டத்துக்குத் தேவைப்படலை."

ஒடெசா சிரித்துவிட்டார். "பரவால்லய்யா. எங்கம்மா மரியாதை சொல்லிக் குடுத்துத்தான் வளர்த்தாங்க. நல்லா இருங்க." சொல்லிக்கொண்டே வலக்கையை நீட்டினார். அது காற்றில் நடுங்கியபடி நின்றது.

ஹார்லன் இடக்கையிலிருந்த கைப்பெட்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்.