பிரெஞ்சுப் பீங்கானில் ஒரு வாவ்

நான் மூன்றாம் வகுப்புப் படித்த குளிர்காலத்தில், ஊரிலிருந்து வந்திருந்த மாமாவுக்கு நகரம் காட்டவென்று வாப்பா எங்கள் எல்லோரையும் நாங்கள் குடியேறியிருந்த மல்வேர்னில் பஸ் ஏற்றி, டவுன்டவுனில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய பீங்கான் தட்டு இருந்தது. மயில்கழுத்து நீலம், நடுவில் சிவப்புப் பூக்கள், விளிம்பைச் சுற்றித் தங்க நிறத்தில் அரபு எழுத்து.

உம்மா பதறிப்போனாள். "அல்லாஹ்! ஓதுற வசனத்தச் சோத்துப் பீங்கான்ல எழுதி வெச்சிரிக்காங்களே!"

அது துஆ என்றார் மாமா. இல்லை, பாரசீகக் கவிதை என்றார் வாப்பா. இருவராலும் ஒரு சொல்லைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. அதுவே இருவருக்கும் கோபத்தைக் கூட்டியது. அலுவலகத்தில் முறையிடப்போவதாக மாமா புறப்பட்டுவிட்டார்.

நானோ ஓதல் வகுப்பில் மக்கு என்று பெயரெடுத்தவள். என் வயதுப் பிள்ளைகள் குர்ஆனுக்குப் போய்விட, நான் சின்னஞ்சிறுசுகளோடு இருந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். வாவ் என்ற எழுத்தை அதற்கு அடுத்த எழுத்தோடு ஒட்டி எழுதக் கூடாது. நான் ஒட்டிவிட்டு ஏச்சு வாங்குவேன். அந்த ஒரு பாடம் மட்டும் ஆணி அடித்தாற்போல் மனதில் இருந்தது.

பீங்கானில், சுற்றிவர, வாவ் ஒட்டியிருந்தது.

"வாப்பா, இது எழுத்தே இல்ல. வாவ ஒட்டக் கூடாது. ஆரோ தெரியாமக் கீறியிரிக்காங்க."

"சும்மா இரிங்க மகள்."

ஆனால் அருகில் நின்ற அருங்காட்சியகப் பெண்மணி என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் செய்ததாம். துருக்கி, ஈரான் பீங்கான்களில் மயங்கிய யாரோ ஒருவர் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து வரைந்ததாம். பொருளே கிடையாதாம். பக்கத்தில் நின்றவர்களையும் அழைத்து, இந்தச் சிறுமி தானாகவே கண்டுபிடித்தாள் என்றார். கைதட்டினார்கள். அதற்குள் திரும்பி வந்திருந்த மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"எங்கட புள்ள பிரான்ஸ்காரனுக்கே பிழை திருத்திட்டா!" வாப்பா இதைத் திரும்பும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து புறப்படும்போது உம்மாவை மட்டும் அந்தக் கண்ணாடியை விட்டு எளிதில் கிளப்ப முடியவில்லை. "வாசிக்கத் தெரியாமலே எவ்வளவு வடிவா எழுதியிரிக்கான், பாருங்க மகள்," என்றாள்.

நான் தோற்கடித்தவனை உம்மா புகழ்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது அவள் எங்களுக்குப் பக்கத்து அஜின்கோர்ட்டில் ஒரு கேக் கடையில் வேலை செய்தாள். பிறந்தநாள் கேக்குகளில் ஐசிங்கால் பெயரும் வாழ்த்தும் எழுதுவாள். அவள் கையெழுத்துத்தான் வேண்டுமென்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.