கல்யாணப் பூங்கொத்தில் பார்த்தீனியம்

இன்று காலை காரைக்காலில் என் சித்தி மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம்.

சர்ச் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே அவள் கண்ணில் நீர். "அம்மாவைப் பிரியணும்ல, பாவம்" என்றார்கள். சித்தியும் கட்டிக்கொண்டு அழுதார்.

எனக்குத்தான் சந்தேகம். தும்மிக்கொண்டே அழுகிற மணப்பெண்ணை நான் பார்த்ததில்லை. கிட்டே போனால் அவள் மூச்சில் விசில் சத்தம். சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா.

கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தேன். மஞ்சள் சாமந்திக்கு நடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்த்தீனியம்! அந்தக் களைச்செடிக்குப் பக்கத்தில் நின்றாலே அவளுக்கு மூச்சு இளைக்கும்.

"இதை யாரு கட்டுனது?"

"நான்தாங்க" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அக்கா. "வரிச்சிக்குடி ரோட்டோரமா அழகா பூத்திருந்துச்சு."

சம்பந்தி வீடு, மனசு நோகக்கூடாது. ஆனால் ஸ்டெல்லாவின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. கொத்தைப் பிடுங்கித் தூர வீசினேன். அந்த அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"இன்ஹேலர் எங்கடி?"

"கார்ல... பையில..."

காரை டிரைவர் தெருமுனைக்குக் கொண்டுபோய்விட்டார். முதலில் ஓடியது அந்த அக்காதான், செருப்பை உதறிவிட்டு, பட்டுப்புடவையோடு. மூச்சிரைக்கத் திரும்பி வந்து இன்ஹேலரைக் கொடுத்தார். இரண்டு தடவை இழுத்ததும் ஸ்டெல்லாவுக்கு மூச்சு சீரானது.

"மன்னிச்சிரும்மா, தெரியாமப் பண்ணிட்டேன்."

ஸ்டெல்லா பூங்கொத்துக்குப் பதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

விருந்தில் சித்தி மெதுவாகக் கேட்டார்: "அப்ப, என்னை விட்டுப் போறோமேன்னு நீ அழவே இல்லையாடி?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் பிரியாணியைப் பார்த்தேன். நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்கள்.