அம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை

இந்த நினைவு மலரின் அட்டையில் அம்மா மூக்குக் கண்ணாடி அணிந்திருக்கும் படத்தைப் போட்டது சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். "கல்யாணத்துல எடுத்த போட்டோ எம்புட்டு லட்சணமா இருக்கு, அதைப் போடுத்தா" என்று பெரியப்பாவே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடியை மூக்கில் ஏற்ற அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அம்மா பிறந்தது உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில். நான்கு பெண்களில் மூன்றாமவர். பதினேழு வயதில் தபால்காரரான அப்பாவைக் கைப்பிடித்து வண்டன்மேட்டுக்கு மலையேறி வந்தார். நாங்கள் மூவரும் ஓரளவு வளர்ந்ததும் ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். காய்ந்த காயைத் தட்டில் பரப்பி, வெடித்தது, கறுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். கூரைக்கடியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் அதற்கு அத்தனை போட்டி. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குக் கெட்ட காய் தப்பத் தொடங்கும். உடனே களையெடுக்க அனுப்பிவிடுவார்கள். அடைமழையில், அட்டைப்பூச்சி கடிக்க, நாள் முழுக்கக் குனிந்து கிடக்க வேண்டும். கை தளர்ந்துவிட்டது என்பார்களே தவிர, கண்ணைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருடம் அம்மாவுக்கும் அந்த நாள் வந்தது. அவர் செய்த தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன். கண்ணாடி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, அப்பா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டார். காயெல்லாம் இன்னும் மங்கி, தலை சுற்றி, நல்ல காயோடு கறுப்பும் கலந்துபோயிற்று. மறுநாள் கையில் களைக்கொத்து. "கண்ணாடி கண்ணைக் குடிச்சிரும்னு சொன்னோம்ல" என்று அக்கம்பக்கத்தார் வேறு.

அம்மா அழுது ஓய்கிற ஆள் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்த கண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரருக்குக் கிட்டத்துல தெரியும், தூரம் மங்கும். அதுக்கு நடுவுல குழிஞ்ச கண்ணாடி. உங்களுக்குத் தூரம் தெரியுது, கிட்டத்துலதான் தடுமாறுது. நாப்பதுக்கு மேல கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் இறுகிப் போறதால வர்ற வெள்ளெழுத்து இது. யாரையும் விடாது. உங்களுக்கு நடு தடிச்ச கண்ணாடி வேணும். அவரோடதைப் போட்டா இன்னும் மோசமாத்தான் தெரியும்."

"அப்ப என் கை தளரலைங்களா?"

"கைக்கு ஒண்ணும் இல்லம்மா."

அன்று என்னையும் சோதித்தார்கள். படுக்கைக் கோடுகள் தெளிவாகவும் நிமிர்ந்த கோடுகள் மங்கலாகவும் தெரிந்தன. கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லையாம். அதற்குச் சிலிண்டர் கண்ணாடி. "பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டா யாரு கட்டுவா?" என்று அத்தை கேட்டார். "கண்ணாடியோட கட்டுறவன் கட்டட்டும்" என்றார் அம்மா. அப்படியே நடந்தது.

கண்ணாடி வந்த மறுநாள், யாரையும் கேட்காமல் ஸ்டோரில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கணக்கப்பிள்ளை கத்தினார்.

"கண்ணாடிக்காரி பொறுக்குறதைப் பாத்தா ஏலம் எடுக்க வர்றவுக நம்ம காயை நம்புவாகளா? எந்திரி!"

"என் தட்டைக் கொட்டிப் பாருங்கய்யா. ஒரு கறுப்புக் காய் இருந்தா நானே எந்திரிச்சுப் போறேன்."

அவர் ஒரு சாக்கை விரித்துத் தட்டைக் கவிழ்த்தார். துழாவினார். கடைசியில் கறுப்பாக எதையோ இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, "அப்ப இது என்னா?" என்றார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"அது காய் இல்லீங்கய்யா. உங்க சாக்குல கிடந்த எலிப்புழுக்கை."

கூட வேலை செய்த சின்னம்மாவுக்கு இதைச் சொல்லும்போது இன்றும் சிரிப்பில் புரையேறும். அதன்பின் அம்மாவை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அடுத்த மாதம் கணக்கப்பிள்ளையே கம்பத்துக்குப் போய்வந்தார். அம்மா அத்தோடு விடவில்லை. களையெடுப்பில் கிடந்த பெண்களிடம் போய், "உங்க கையும் தளரலடி" என்று சொல்லி, ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக மலையிறக்கிக் கூட்டிப்போனார். நான்கு பேர் ஸ்டோருக்குத் திரும்பினார்கள். என் தாயை நினைத்து நான் தலை நிமிர்கிற இடம் அது.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியிலும் மாத்திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகே விழுங்கினார். பதினோரு நாள் போராடி எங்களைப் பிரிந்தார்.

மழையில் ஜீப் ஓட்டி அவரைத் தேனிக்குக் கொண்டுசேர்த்த அண்டை வீட்டாருக்கும், இரவுபகல் பாராத மருத்துவர்களுக்கும், அப்பாவுக்குத் துணை நின்ற தபால் ஆபீஸ் நண்பர்களுக்கும், ஒரு நாள் வேலையை விட்டு வந்து தோள்கொடுத்த ஸ்டோர் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் போதவில்லை என்று முணுமுணுக்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சம் போதும். கம்பத்துக்கு முதல் பஸ் காலை ஆறரைக்கு.