சூடு தெரியாத விரல்கள்

என் விரல் நுனிகளுக்குச் சூடு தெரியாது. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பிலும் கெமிக்கலிலும் ஊறி ஊறி மரத்துப்போன கை. இது வீட்டிலும் தெரியாது, கம்பெனியிலும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். அதைவிட, பெண்டாட்டி என்னைப் பாவமாகப் பார்ப்பாளே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது இருப்பது ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு கையுறை யூனிட்டில். குளிர் நாட்டுக்காரர்களுக்காகத் தோல் கையுறைக்குள் மின்சாரம் ஓடும் நூலை வைத்துத் தைக்கிறோம். பேட்டரியைச் சொருகினால் நூல் சூடாகும். விரல் மடங்கும் இடத்தில் இன்னொரு நூல். விரல் அசைந்தால் கம்ப்யூட்டரில் கோடு துள்ளும். எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்து கையைச் சூடாக்கிப் பார்க்கிற பிழைப்பு! சொன்னால் சிரிப்பார்கள்.

மாட்டிப் பார்த்துச் சூடு சரியா என்று சொல்ல ஆள் கேட்டபோது, முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் கை தூக்கினேன். உட்கார்ந்து செய்கிற வேலை, விடுவேனா? பக்கத்து நாற்காலியில் இன்னொரு ஜோடியை மாட்டிப் பார்க்கிற பாய் முகத்தைப் பார்ப்பேன். அவர் "இதமா இருக்குது" என்றால் எனக்கும் இதம். "கம்மி" என்றால் எனக்கும் கம்மி. வண்டி ஓடியது.

அன்றைக்கு ஒரு ஜோடியில் மின்சார நூலோடு நூல் ஒட்டி ஷார்ட் ஆகியிருந்திருக்கிறது. அது என் கைக்கு வந்தது. பாய் "இதமா இருக்குது" என்றார். "இதமோ இதம்" என்றேன் நான், பெரிய இவன் மாதிரி.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பொண்ணு நிமிர்ந்தாள். "அண்ணா, உங்களுக்குச் சூடு ரொம்ப ஜாஸ்தி காட்டுது. சுட்டா கைய இழுப்பீங்க இல்ல? கோடு ஆடவே இல்லியே."

"சென்சார் போய்டுச்சும்மா," என்றேன்.

விரலை மடக்கச் சொன்னாள். மடக்கினேன். கோடு துள்ளிக் குதித்தது. பாழாய்ப்போன நூல், அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

கழற்றியபோது இரண்டு விரலில் கொப்புளம். "யா அல்லா!" என்று பாய் எழுந்துவிட்டார். யாரும் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பொண்ணு பாட்டில் தண்ணீரை என் கையில் ஊற்ற ஊற்ற, லைன் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தது. உடம்பெல்லாம் கூசியது. "நாளைலர்ந்து பேக்கிங்குக்கு வந்துடுங்க," என்றார் சூப்பர்வைசர், தரையைப் பார்த்துக்கொண்டு.

டீக்கடையில் யாரோ டீயைக் கொட்டிவிட்டான் என்று பெண்டாட்டியிடம் புளுகினேன். அவனுக்குக் கண் அவிந்துபோச்சா என்று அந்த இல்லாத ஆளைத் திட்டிக்கொண்டே மருந்து ட்யூபை எடுத்துவந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எரியுதா?"

"அப்ப பயங்கரமா எரிஞ்சிது. இப்ப நீ தடவுனதும் ஜில்லுன்னு இருக்குது."

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"நான் இன்னும் தடவவே இல்லீங்க," என்றாள்.