தண்ணீர் தூக்கியவளின் பெயர்

ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பது. திருச்சியில் வெயிலும் தூறலும் சேர்ந்தே இருந்தன. தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அலுவலகத்தில் நாற்பத்து மூன்று படி ஏறி, நான் சாட்சி சொல்ல நின்றேன். குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேனோ என்ற கவலை வேறு.

வழக்கு என்னுடையதல்ல. செந்துறைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே ஒரு முந்திரிப் பண்ணையில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதினேன். அங்கே ஒன்பது வருடம் களைக்கொல்லி அடித்தவன் என் கூட்டாளி. இப்போது அவனுக்கு நிணநீர்ப் புற்றுநோய். அந்த மருந்தால்தான் வந்தது என்று பண்ணையின் மேல் வழக்குப் போட்டிருந்தான். எத்தனை நாள் அடித்தான், எவ்வளவு அடித்தான் என்பதற்கு என் பதிவேடு ஒன்றுதான் ஆதாரம்.

முந்திரிக்காட்டில் மரத்தடி துடைத்தது போல இருக்க வேண்டும். அப்போதுதான் விழுகிற கொட்டை கண்ணில் படும். முன்பு பெண்கள் உட்கார்ந்து களை கொத்துவார்கள். பிறகு மருந்து வந்தது. மார்கழிப் பனி விலகும் முன்பே அவன் டேங்க்கை முதுகில் மாட்டிவிடுவான். செருப்பு கிடையாது, வாயில் ஒரு துண்டு. டேங்க் ஒழுகி முதுகு நனைந்திருக்கும். மருந்தைக் கலக்கக் குச்சி கிடைக்காவிட்டால் கையாலேயே கலக்குவான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

தண்ணீர் கொண்டுவருவது அவன் மனைவி. போர்வெல்லிலிருந்து மரத்தடி வரை இருநூற்றுப் பத்து தப்படி, இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். தண்ணீர் இல்லாமல் மருந்து ஏது? ஆனால் தண்ணீருக்குப் பண்ணையில் கூலி கிடையாது.

ஒரு டேங்க் முடிந்தால் பழைய பால்பவுடர் டப்பாவில் அவன் ஒரு முந்திரிக்கொட்டையைப் போடுவான். சாயங்காலம் டப்பாவை என் மேசையில் கவிழ்ப்பான். நான் எண்ணுவேன்.

"பதினாறு இருக்கும். கொட்டைய வேணா மோந்து பாருங்க கணக்கப்புள்ள, பொய் சொல்லாது."

"பதினஞ்சுதான்யா இருக்கு."

"ஒண்ண இவ தின்னுட்டா போல."

"ஆமாண்ணே, பச்சையாவே தின்னுட்டேன்," என்பாள் அவள், குடத்தைக் கவிழ்த்து வைத்தபடி. எண்ணி முடித்த கொட்டையைச் சருகு கூட்டிச் சுடுவோம். ஓட்டு எண்ணெய் பிடித்துச் சீறி எரியும். உடைத்து ஆளுக்கு ஐந்து. அந்த மணம் இப்போதும் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது வரும், நின்றுவிடுவேன். அவன் மருந்துக் கையால் போட்ட கொட்டைகள் அவை. நான் எத்தனை தின்றிருப்பேன் என்று இப்போது ராத்திரி படுத்தால் கணக்குப் போடுகிறேன்.

அவளுக்குக் கூலி இல்லை என்பது எனக்கு உறுத்தியது. முதல் வருடமே ஒரு வழி செய்தேன். மருந்து அடித்தவர் என்ற கட்டத்தில் இருவர் பெயரையும் எழுதினேன். டேங்க் பதினாறு என்றால் அவனுக்கு எட்டு, அவளுக்கு எட்டு. கூலி நாள் கணக்கு, அதனால் இருவருக்கும் முழு நாள் கூலி வந்தது. நல்ல காரியம் செய்ததாகவே இருந்தேன்.

சாட்சி சொல்லப் படியேறும்போது அவன் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். "உள்ளதச் சொன்னா உங்க பேருதான் கெடும். யோசிச்சுக்குங்க," என்றான்.

பண்ணையின் வக்கீல் சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இதுல புருஷனும் பொஞ்சாதியும் சரிசமமா மருந்து அடிச்சிருக்காங்க. ஆளுக்கு மூவாயிரத்து இருநூத்தி அம்பத்தாறு டேங்க். அந்தம்மா இதோ உக்காந்திருக்காங்க, ஒரு நோவும் இல்ல. மருந்துதான் காரணம்னா ஒருத்தர மட்டும் எப்படிங்க புடிக்கும்?"

என் பதிவேட்டில் இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. பண்ணை ஆடிட்டரே அதைச் சொல்லியிருக்கிறார்.

"அவங்க மருந்து அடிக்கலிங்க. தண்ணி தூக்கினாங்க. தண்ணிக்குக் கூலி இல்லைங்கறதால நான்தான் மருந்துன்னு எழுதினேன்."

"அப்ப பொய்யா எழுதினீங்க."

"பேருதான் பொய்ங்க. டேங்க் நெசம். ரெண்டையும் கூட்டுங்க, ஆறாயிரத்து ஐநூத்திப் பன்னண்டு. அம்புட்டும் அவன் ஒருத்தன் முதுகுல போனது."

"மனப்பாடமா வச்சிருக்கீங்க."

"எண்ணுனது நானுங்க."

வெளியே வந்தோம். "நான் ஒம்போது வருஷம் மருந்து அடிச்சிருக்கேன்னு இன்னைக்குத்தாண்ணே எனக்கே தெரியும்," என்றாள் அவள். அவன் சிரிக்கப் போய் இருமினான்.

தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. பன்னிரண்டாம் நாள் பண்ணையிலிருந்து எனக்குப் பதிவுத் தபால். தண்ணீர் தூக்கியவள் பெயரில் பொய்யாக எழுதி வாங்கிய கூலி, நானூற்றுப் பன்னிரண்டு நாளுக்கு, அறுபத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். நான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதை இழப்பீட்டில் கழிக்கக் கேட்டு, அதுவரை பணத்தை நிறுத்திவைக்க மனுப் போடுவார்கள். அவனுக்கு அடுத்த ஊசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மனு முடிய எத்தனை மாதம் ஆகும் என்று யார் சொல்ல முடியும்?

என்னிடம் இருந்த பதிவேட்டு நகலை எடுத்து எண்ணினேன். மூன்று தடவை. நானூற்றுப் பதினைந்து வந்தது. பண்ணையில் எண்ணியபோது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு மூன்று நாளை அவர்கள் விட்டிருக்கிறார்கள். அப்போதைய கூலி நாளுக்கு இருநூறு, ஆக அறுநூறு.

"அவங்களே விட்டத நீங்க எதுக்குங்க கூட்டுறீங்க?" என்றான் அவன். ஊசியில் முடி கொட்டி, அன்று வாயில் கட்டிய துண்டு இப்போது தலையில். "உங்களுக்கு வைத்தியம் பாக்கணும் மொதல்ல."

"நாளைக்குக் கண்டுபிடிச்சா மறுபடி ஒரு தபால் வரும்யா. முடிஞ்சதுன்னா முடிஞ்சதா இருக்கணும்."

"அம்புட்டு நாளும் இவ தண்ணி தூக்குனது நெசந்தானே. எதுக்குத் திருப்பித் தரணும்?"

நான் பாஸ்புக்கைத் தேடி எடுத்தேன். பேங்க்கில் வைப்பு வைத்திருந்ததை உடைத்து மொத்தமாகக் கட்டினேன். ஊசி தேதி தவறவில்லை. குடை கிடைக்கவில்லை, புதிது இருநூற்று எண்பது. அதையும் சேர்த்து எனக்கு ஆனது அறுபத்திரண்டாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.