துண்டு போட்டுப் பிடித்த பாடம்

அப்பாவுக்கு உலகத்தில் எந்த இடமும் துண்டு போட்டுப் பிடிக்க வேண்டிய இடம்தான். வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை அவருக்கு. சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம் வரும் கடைசிக்கு முந்தின பஸ் வளைந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிடுவார். எந்த சீட்டில் விழுந்தாலும் சரி. "மொதல்ல குந்தறதுக்கு எடம் புடிடா. ஏறினப்பறம் நல்ல சீட்டு காலியானா மாறிக்கலாம்" என்பார். அவர் மாறி உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

1991இல் நான் பிளஸ் டூ முடித்தேன். எனக்கு வேதியியல் வேண்டும். ஏன் என்று கேட்டால் பெரிய லட்சியம் எதுவும் சொல்லத் தெரியாது. பள்ளி ஆய்வகத்தில் பழுப்பு வளையச் சோதனை என்று ஒன்று செய்வோம். சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக அமிலத்தை ஒழுகவிட வேண்டும். கை ஆடினால் போச்சு. என் கை ஆடாது. இரண்டு திரவத்துக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வளையம் வந்து நிற்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்று நன்றாக வருகிறது என்று தோன்றியது. அவ்வளவுதான். அந்த வயதில் அது போதும்.

பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருந்த அரசுக் கல்லூரியில் இரண்டு பாடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். வேதியியல் எனக்காக, வரலாறு அப்பாவுக்காக. இரண்டுக்கும் கார்டு வந்தது. வரலாற்றுக்கு நேர்காணல் திங்கட்கிழமை, வேதியியலுக்குப் புதன்கிழமை. திங்கட்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவும் கூட வந்தார்.

வரலாற்றுப் பேராசிரியர் என் மார்க்கைப் பார்த்தார். கெமிஸ்ட்ரி மார்க்கின் மேல் அவர் விரல் ஒரு நிமிஷம் நின்றது.

"வேற எதுக்காவது போட்டிருக்கியாப்பா? போட்டிருந்தா அதையும் பாத்துட்டு வா. ஒரிஜினல் டி.சி.யை ஒரு எடத்துலதான் குடுக்க முடியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "வேற எதுக்கும் போடலீங்க சார். இதான் வேணும்."

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த டி.சி.யை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். பணம் கட்டினோம். வெளியே வேப்பமரத்தடியில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கறே? எடம் கெடச்சாச்சி. புதன்கெழம கூப்ட்டா இங்கேர்ந்து மாறிக்கோ. கூப்புடலைன்னா இதுனாச்சும் கீதுல்ல?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் குற்றம் இருக்கிறது. பதினேழு வயதுப் பையன், எனக்கும் வாய் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புதன்கிழமை நான் மட்டும் போனேன். மார்க் வரிசைப்படி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதினோராவதாக என் எண். உள்ளே போனேன். கிளார்க் பட்டியலில் டிக் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"டி.சி. எங்க?"

"ஹிஸ்டரில குடுத்துட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "போய் வாங்கிக்கினு வா தம்பி. மதியம் வரைக்கும் எடத்த வெக்கறேன்" என்றார்.

ஓடினேன். அலுவலகத்தில், டி.சி. ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது, அப்பா நேரில் வந்து எழுதிக் கொடுத்து, முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே எடுக்க முடியும் என்றார்கள். முதல்வர் அன்றைக்கு ஊரில் இல்லை. அப்பாவோ மில்லில் மூட்டைக்கு அடியில் இருந்தார். மதியம் மணி அடித்ததும் கிளார்க் வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பையன் தன் அம்மாவோடு எழுந்து உள்ளே போனான். அவன் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றேன். எதற்கு நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் தவிட்டுத் தூசி.

"கூப்ட்டாங்களா?"

"இல்லப்பா."

"பாத்தியா? நான் சொல்லலைன்னா இன்னிக்கி இதுவும் இல்ல, அதுவும் இல்லன்னு வந்து நின்னிருப்பே."

அவர் மனசு நோகக் கூடாது என்று பொய் சொன்னேன் என்றால் கேட்க நன்றாக இருக்கும். அது நிஜமில்லை. உண்மையைச் சொன்னால் மறுநாளே வந்து அந்தக் கிளார்க் காலில் விழுவார். அதை மற்றவர்கள் பார்ப்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து சொன்னேன்.

மூன்று வருஷம் வரலாறு படித்தேன். பரீட்சையில் தேறுகிற அளவுக்குப் படித்தேன், ஒருநாளும் மனசு ஒட்டவில்லை. பிறகு எங்கள் பக்கத்து நிலத்திலெல்லாம் கம்பெனிகள் வந்தன. போகிற கேட்டிலெல்லாம் "டிகிரி இன்னா?" என்று கேட்டார்கள். "பி.ஏ. ஹிஸ்டரி" என்றால், அதை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் கார் உதிரி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில், ஸ்டோர்ஸில், கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. ரசாயன கேன்களை வண்டியில் வைத்து லேப் வாசல்வரை தள்ளிக்கொண்டு போவேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. லேபிளைப் படித்தால் உள்ளே இருப்பது என்ன, எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று இன்னும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எனக்குப் பின்னால் இரண்டு வருஷம் கழித்துத் தங்கச்சி பிளஸ் டூ முடித்தாள். அவளுக்குக் கணக்கு உயிர். பொருளாதாரத்துக்கு முதலில் கார்டு வந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா அவளிடம் சொன்னார். "மொதல்ல எடத்தப் புடி. உங்கண்ணனக் கேளு. கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரின்னு குந்திக்கினு இருந்திருந்தா இன்னிக்கி என்கூட மூட்டை தூக்கிக்கினு இருப்பான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு ரசம் சோற்றைப் பிசைந்தேன். மறுநாள் அவள் பொருளாதாரத்தில் டி.சி.யைக் கொடுத்துவிட்டு வந்தாள். கணக்குக்கு நேர்காணல் முடிந்து திரும்பி வந்தவள், "கூப்புடலப்பா" என்றாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போன வருஷம் குன்றத்தூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளுக்கு என்ன படிப்பு எடுப்பது என்று பேச்சு வந்தது. படித்த படிப்பை நினைத்து எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா என்று அந்தப் பெண் எங்கள் இருவரையும் பொதுவாகக் கேட்டாள். மகள் எழுந்து போன பிறகு தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கி என்னக் கூப்ட்டாங்கண்ணா. நாலாவது நம்பர். டி.சி. இல்லன்னு அனுப்பிட்டாங்க. அப்பாகிட்ட சொல்லல. உன்னக் கூப்புடலன்னு நீ சொன்னதாலதான், என்னையும் கூப்புட மாட்டாங்கன்னு தைரியமாக் குடுத்தேன். உனக்காவது அந்த ஆறுதல் கீது. உன்னக் கூப்புடவே இல்ல."

அப்பா இறந்து ஏழு வருஷமாகிறது. பயப்பட யாரும் மிச்சமில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆமாம்மா. என்னக் கூப்புடல" என்றேன்.