தொட்டிக்கு மீன் இல்லை

பழனிசெட்டிபட்டி தாண்டி ஆற்றுப்பாலத்தில் பஸ் பழுதாகி நிற்கிறது. கீழே சாயப்பட்டறைக் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. நிறம் நீலம், நுரை உண்டு, வாடை காரம். நீர்ப் பரிசோதனைக்கூட வேலையில் வந்த பழக்கம், குறித்துக்கொள்கிறேன்.

பாலத்தோரம் ஓர் அக்கா உயிர்மீன் விற்கிறார்.

“இந்த ஆத்து மீனாக்கா?”

“பட்டறைக்கு மேல புடிச்சதுத்தா. கீழ எல்லாம் செத்து மெதக்குது. சுத்தமாக்கின தண்ணின்னு காட்ட, பட்டறைக்காரக அங்கன தொட்டியில மீன் விட்டிருக்காக. அதுவும் செத்துரும். ஆபீசர் வாரப்பல்லாம் என்கிட்டத்தான் புதுசு வாங்குவாக. இன்னைக்கும் ஆபீசர் வாராராம், குடுக்க மாட்டேன். செத்ததையே அவரு பாக்கட்டும்.”

பட்டறை வேன் வந்து நிற்கிறது. ஓட்டுநர் அவசரமாக மீன் கேட்கிறார்.

“தீந்துபோச்சு தம்பி.”

ஈரச்சாக்கு மூடிய அண்டாவுக்குள் மீன்கள் துள்ளுகின்றன. ஓட்டுநர் அண்டாவையே பார்க்கிறார்.

“எல்லாம் நான் வாங்கிட்டேன்” என்கிறேன்.

வேன் காலியாகத் திரும்புகிறது. நான் சைவம்.